கோபிகா சொன்ன வேணாம்

சரி என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் ஹெச்.எம். அறையில் பேசி முடித்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது, நான் சரி சார் என்றேன், திங்கட்கிழமை அந்த இலக்கை எடுத்துவிடுகிறேன் என்றேன். இப்போது பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. கேட்டுக்குப் பக்கத்தில் கோபிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்காக நிற்கிறேன், சைக்கிள்கள் எங்களை ஒட்டி ஒட்டிப் போகின்றன. எதற்குச் சரி சொன்னேன்? எடுப்பது சரியா, வைத்திருப்பது சரியா என்று எனக்கே தெரியாதபோது மற்றவர்களுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது, அதனால் சொல்லியிருப்பேன். கோபிகாவின் உள்ளங்கை எப்போதும் போல ஈரமாக இருக்கிறது. பதினான்கு வயது, என் தோளைத் தாண்டிவிட்டாள். அவளுக்கென்று ஒரு தனித் திட்டம், ஐ.இ.பி. என்போம், இந்த வருஷம் இவள் என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டும், யார் எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று அவளுக்காக மட்டும் எழுதியது, அதில் மூன்று இலக்குகள். செருப்பை இடம் வலம் பார்த்துப் போடுவாள். தட்டைக் கழுவி வைப்பாள். தனக்குப் பிடிக்காததை வேணாம் என்று சொல்லுவாள். இந்த மூன்றாவதுதான். செருப்பு இன்னும் மாறித்தான் போகிறது, தட்டில் பருக்கை ஒட்டியிருக்கிறது, அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. நன்றாக வந்துவிட்ட ஒன்றைத்தான் எடுத்துவிடச் சொன்னார்கள்.

சுகந்தி, கோபிகாவின் அம்மா, மில்லில் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தாள், தலையில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது, நாற்காலி நுனியில் உட்கார்ந்து முந்தானையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள், "காலையில யூனிஃபார்ம் போட வந்தா வேணாங்கறா. தலைக்கு எண்ணெய் வைக்கப் போனா வேணாங்கறா. இட்லியா, வேணாம். எங்க வீட்டுல ரெண்டு மாசமா இதே பாட்டுத்தான். கோயில்ல ஐயரு துன்னூறு பூச வந்தாரு, கைய இப்படி நீட்டி வேணாம்ங்கறா, அத்தனை பேரும் திரும்பிப் பாக்கறாங்க. நான் ஷிஃப்ட்டுக்குப் போகணுமா வேணாமா?" வகுப்பு ஆசிரியை தமயந்தி டீச்சரும் தலையாட்டினாள், பிரேயருக்கு வேணாம், சத்துணவு முட்டைக்கு வேணாம், மத்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள், இப்போது அவர்களும் வீட்டுப்பாடம் என்றால் வேணாம் என்கிறார்கள். ஹெச்.எம். சார் நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே கேட்டார், "ஏம்மா ஜெசிந்தா, வேணும்னு சொல்லித் தந்திருக்கக் கூடாதா?" அப்போதுதான் சுகந்தி அதைச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. "பேசாத புள்ளைக்கு வாயக் குடுத்தீங்க டீச்சர், நான் இல்லைங்கல. ஆனா உங்களுக்கு அந்த ஒரு வார்த்தைதானா கெடச்சது?" அந்த ஒரு வார்த்தைதான் கிடைத்தது சுகந்தி. எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை, சொன்னால் அந்த இடத்தில் அவள் உடைந்துபோவாள் என்று தோன்றியது, இல்லை, தமயந்தி டீச்சர் பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லையோ, அது அவள் வகுப்பில் நடந்ததுதானே. போன வருஷம் ஜூலையில் நான் சிறப்பாசிரியையாக வந்து சேர்ந்த புதிது. வகுப்புக்குள் எட்டிப் பார்த்தால் கோபிகா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், தலை முழுக்கச் சாக்பீஸ் தூள், ஒருத்தி அவள் வாயில் ஒரு துண்டு சாக்பீஸை வைக்கிறாள், கோபிகா அதைக் கடித்து மெல்லுகிறாள். சிரித்துக்கொண்டே மெல்லுகிறாள். அந்தப் பிள்ளைகள் கெட்ட பிள்ளைகள் இல்லை, நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற, யார் எங்கே இழுத்தாலும் போகிற ஒரு பெண், அவளுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வரைக்கும் என் வாயில் சுண்ணாம்பு ருசி. தண்ணி கேட்கச் சொல்லித் தரலாம், சாப்பாடு கேட்கச் சொல்லித் தரலாம், அதெல்லாம் பிறகு, முதலில் இது என்று எழுதினேன்.

எழுதுவது சுலபம். பிசுபிசுவென்று கையில் ஒட்டுவது அவளுக்குப் பிடிக்காது என்று கண்டுபிடித்து, மைதா மாவைக் கரைத்து அவள் கைக்குக் கிட்டே கொண்டுபோவேன், அவள் கையை இழுத்துக்கொள்வாள், உடனே நான் அவளுக்காக வேணாம் என்று சொல்லி மாவைத் தூர வைத்துவிடுவேன். மறுபடியும் மாவு, மறுபடியும் வேணாம். மழைக்காலம் முழுக்க இதுதான் வேலை. தானாக ஒருநாள் சொன்னாள், மாவுக்கு இல்லை, அவள் வாயைத் துடைக்க வந்த தமயந்தி டீச்சரின் கைக்குட்டைக்கு, வேணாம் என்று தெளிவாக. நான் கைதட்டினேன், உலர்ந்த திராட்சை கொடுத்தேன், டீச்சர் கைக்குட்டையோடு அப்படியே நின்றாள். திட்டத்தில் நானே ஒரு வரி சேர்த்திருந்தேன், அவள் வேணாம் என்றால் எதிரில் இருப்பவர் நிறுத்த வேண்டும், யாராக இருந்தாலும். நிறுத்தாவிட்டால் அந்த வார்த்தை செத்துப்போகும். எல்லோரும் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் இட்லிக்கும் எண்ணெய்க்கும் நிறுத்திக்கொண்டே போனால் பிள்ளை எப்படிப் பள்ளிக்கூடம் வரும், சுகந்தி எப்படி வேலைக்குப் போவாள், அதை நான் யோசித்தேனா? எனக்கே அந்த வார்த்தை வராது. ஏற்கெனவே இரண்டு பள்ளிகளுக்குப் போகிறேன், மூன்றாவதாக ஒன்றையும் நீங்களே பாருங்கள் என்று ஆபீஸில் சொன்னபோது சரி என்றேன். வத்தலக்குண்டில் அண்ணன் வீட்டு மாடிக்கே போய்விடலாம் என்று என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் சொன்னபோது, என்ன மனுஷன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்து செருப்புத் தேடிக்கொண்டிருக்கும்போது கேட்கிறார், அதற்கும் சரி என்றேன். எனக்கு வராததை இவளுக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். அளவு தெரியாமல் தந்துவிட்டேனா?

ஆட்டோ வந்துவிட்டது. சின்னக்காளை அண்ணன், எல்லோருக்கும் காளை அண்ணன், ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டுதான் இங்கே வருவார், வலது ஓரம் கோபிகாவுக்கு என்று காலியாக இருக்கும். "வா தாயி, ஏறு." இவளுக்கு ஆட்டோ என்றால் உயிர். சத்தம் கேட்டதும் என் கையை இழுத்துக்கொண்டு முன்னால் போகிறவள். பையை அவள் தோளில் மாட்டினேன், ஏறு கோபி என்றேன். அவள் ஏறவில்லை. உள்ளங்கையை முன்னால் நீட்டி, வேணாம். பின் சீட்டில் ஒரு பொடியன் களுக்கென்று சிரித்தான். காளை அண்ணனும் சிரித்தார், "நம்மளுக்கும் வந்துருச்சா?" எனக்கும் சிரிப்பு வந்தது, இட்லி வேணாம், முட்டை வேணாம், இப்போது ஆட்டோவும், மத்தியானம் எல்லோரும் சொன்னது எவ்வளவு சரி என்று நினைத்தேன். ஏறும்மா, அம்மா வந்துருவாங்கல்ல. வேணாம். உள்ளே பார்த்தேன். அவள் இடம் காலியாகத்தான் இருந்தது. சீட்டுக்குப் புதிதாக ரெக்சின் தைத்திருந்தார்கள், சிவப்பு, அந்த வாடை வெயிலில் குப்பென்று வந்தது, இதுவாக இருக்குமோ. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பாப்பா புதியவள் மாதிரி இருக்கிறாள், அதுவாக இருக்குமோ. வயிற்றுவலியா, மாதத் தேதி நெருங்கிவிட்டதா. கண்ணாடியில் புதிதாக ஏதோ பொம்மை தொங்குகிறது. இல்லை, ஒன்றுமே இல்லையோ, வாயில் வந்துவிட்டது, சொல்லுகிறாள், அவ்வளவுதானோ. பின்னால் பைக்கில் வந்த ஒருத்தன் ஹாரன் அடித்தான். "கையப் பிடிச்சு ஏத்தி விடுங்க டீச்சர், உக்காந்துட்டா சரியாப் போயிரும்," என்றார் காளை அண்ணன். நியாயம்தான். ஏற்றிவிட்டால் போய்விடுவாள். அவள் முழங்கையைப் பிடித்து லேசாகத் தள்ளினேன்.

கை கட்டை மாதிரி விறைத்திருந்தது. முட்டைக்கு வேணாம் சொல்லும்போது இவள் உடம்பு இப்படி ஆகாது. அப்போதுதான் கவனித்தேன், இவள் என்னைப் பார்க்கவில்லை. வேணாம் என்று சொன்னால் உடனே என் முகத்தைப் பார்ப்பாள், எங்கே இருந்தாலும் திரும்பித் தேடுவாள், கைதட்டுவேனா, திராட்சை வருமா என்று, எல்லா வேணாமும் பாதி எனக்காகச் சொன்னதுதான், அது எனக்குத் தெரியும், மத்தியான ரிவியூவில் நான் சொல்லாமல் விட்டதும் அதுதான். இன்றைக்குப் பார்வை எங்கேயும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை சொன்னாள், சத்தமே இல்லாமல், உதடு மட்டும் அசைந்தது. யாரும் கைதட்ட வேண்டாத வேணாம். காளை அண்ணனைப் பார்த்தேன். ஐம்பத்தைந்து இருக்கும், காதில் நரைத்த முடி, காக்கிச் சட்டைப் பையில் கண்ணாடி. பார்த்ததும் வெட்கமாக இருந்தது. இந்த மனுஷனையா? சீட்டை நனைத்துவிடுவாள் என்று மற்ற ஆட்டோக்காரர்கள் எல்லாம் கையை விரித்தபோது, நான் ஏத்திக்கறேன், துணி விரிச்சுக்கலாம் என்று சொன்னவர் இவர் ஒருத்தர்தானாம். பொண்ணு நர்ஸிங் படிக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்து கேக் வாங்கிக்கொண்டு போனார். நல்லவர் என்றால் ஒன்றும் இல்லையா, நல்லவர் என்று எல்லாரும் சொல்லுகிற ஆட்கள்தான் என்று பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சியில் ஒரு அம்மா சொன்னார்களே, சந்தேகம் வந்தால் தயங்காமல் சொல்லுங்கள் என்றார்கள், சந்தேகம் என்றால் எது, முழங்கை கட்டையாக இருப்பதா, ஒரு வார்த்தை போதுமா ஒரு மனுஷனை முடித்துவிட. அவரே இல்லாமலும் இருக்கலாம். வழியில் யாராவது ஏறுகிறார்களா, இறங்கிய பிறகு அந்தச் சந்தில் யாராவது. அல்லது ரெக்சின் வாடை. ரெக்சின் வாடையாகவே இருக்கட்டும் ஆண்டவரே. ஆனால் வாடைக்காக என்றாலும் வேணாம் வேணாம்தானே, அப்படித்தானே எழுதினேன், யாராக இருந்தாலும் என்று. நான் மட்டும் அதில் இல்லையா? முழங்கையிலிருந்து கையை எடுத்தேன்.

"நீங்க போங்கண்ணே. நான் கூட்டிட்டுப் போறேன்," என்றேன். அவர் இன்ஜினை அணைத்தார். "ஏன் டீச்சர்?" "வேணாங்கறா." "அது தெரியுது. ஏன்னு கேளுங்க." கேட்கலாம். கோபிகாவுக்கு ஏன் என்ற கேள்வி எட்டாது, அது அவருக்கும் தெரியும். "ரெண்டு வருஷமா ஏத்திட்டுப் போறேன். புள்ள மேல ஒரு தூசி பட்டதில்ல," என்றார். நான் எதுவும் கேட்கவில்லையே, எதற்கு இதைச் சொல்கிறார் என்று மனம் ஓடியது, அடுத்த நொடியே, நீ பார்த்த பார்வைக்கு வேறென்ன சொல்வார் என்றும் ஓடியது. "ஒண்ணுமில்லண்ணே, வெயில்ல இருந்தா, அதான் போல," என்றேன். அவர் கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, வருத்தமா, பயமா, மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது மனுஷன் முகத்தில். பிறகு கிளப்பிக்கொண்டு போனார். ஹெச்.எம். சார் கூட்டம் என்று மூன்று மணிக்கே போய்விட்டார். சுகந்தியின் போன் மில் வாசலில் வாட்ச்மேன் பெட்டியில் இருக்கும், ஷிஃப்ட் முடிந்தால்தான் கைக்கு வரும். மில் நடக்கிற தூரம்தான். நடந்தோம்.

நடந்துகொண்டே கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. "காளை அண்ணன் வேணாமா கோபி?" "வேணாம்." கொஞ்ச தூரம் போய், "ஆட்டோ சீட்டு வேணாமா?" "வேணாம்." "அந்தப் பாப்பா வேணாமா?" "வேணாம்." "டீச்சர் வேணாமா?" "வேணாம்," என்று சொல்லிவிட்டு என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எதைக் கேட்டாலும் அதுதான் வரும். வேணாம் என்று சொல்லித் தந்தேன், எது வேணாம் என்று சொல்லித் தரவில்லை, அதற்குப் படங்கள் வேண்டும், ஆட்டோவின் படம், முகங்களின் படம், ஒன்றைத் தள்ளி ஒன்றை எடுக்கப் பழக வேண்டும், அதற்கு இன்னொரு மழைக்காலம் ஆகும், அதுவரைக்கும் இவளுக்குள் என்ன இருக்கிறதோ அது அங்கேயேதான் இருக்கும். நான் பாதிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே யாரோ முனகுகிற மாதிரி இருக்கிறதே என்று வாசலில் நிற்கிறேன். லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. கோபிகா கண்ணை மூடித் திறந்தாள். கரும்புச்சாறு வண்டி மணி கேட்டதும் நின்று பார்த்தாள், சிரித்தாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. ஒன்றும் நடக்கவில்லைதானோ? சுகந்தியிடம் என்ன சொல்வது? மத்தியானம்தான் அந்த இலக்கை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னவள், சாயங்காலம் பிள்ளையை நடத்தியே கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறேன். பயமுறுத்தினால், தினமும் இந்தப் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு அவள் வேலைக்குப் போவாள்? பயமுறுத்தாமல் விட்டால்?

சங்கு ஊதி, பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். சுகந்தி தூரத்திலேயே பார்த்துவிட்டாள், மற்றவர்களை விலக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். "என்னாச்சு டீச்சர்? ஃபிட்ஸ் வந்துச்சா?" "இல்ல, இல்ல. நல்லாத்தான் இருக்கா. ஆட்டோ வேணாம்னு சொன்னா." "ஆட்டோவயா?" "ம். மூணு தடவ சொன்னா." "அவதான் எல்லாத்தையும் வேணாம்பாளே," என்று சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் இருந்த களைப்பு அப்படியே வேறு ஏதோவாக மாறுவதைப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது சுகந்தி," என்றேன். "சத்தியமாத் தெரியாது. வழக்கமா சொல்ற மாதிரி இல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." அவள் கோபிகாவின் கையைப் பிடித்து மில் வாசலுக்குள் கழிப்பறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நான் வேப்பம்பழம் மிதிபட்டுக் கிடந்த தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெபம் சொல்லலாம் என்று ஆரம்பித்தால் வார்த்தை வரவில்லை, ரெக்சின், ரெக்சின் என்றுதான் வந்தது. வெகு நேரம் ஆன மாதிரி இருந்தது. திரும்பி வந்தபோது சுகந்தியின் கண் சிவந்திருந்தது. "எல்லாம் பாத்துட்டேன். ஒண்ணும் தெரியல," என்றாள். பிறகு, "ஒண்ணும் தெரியலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தமா டீச்சர்?" என்றாள்.

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று எப்படிச் சொல்வது? "திங்கக்கிழமை அந்த ஆட்டோவுல நான் கூட உக்காந்து போறேன்," என்றேன், "இவ இல்லாம. யார் யார் ஏறுறாங்க, எங்க நிக்குதுன்னு பாக்கறேன். படம் வச்சு இவகிட்டயும் கேட்டுக் கேட்டுப் பாப்போம். நாளாகும். ஹெச்.எம். சாருக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன்." "அதுவரைக்கும் நானே கொண்டாந்து விடறேன்," என்றாள் சுகந்தி. "மேஸ்திரிகிட்ட சொல்லி ஷிஃப்ட்ட மாத்திக்கறேன். தரலன்னா பாத்துக்கலாம்." கோபிகாவின் தோளிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். என்னைப் பார்க்காமலே, "மத்தியானம் பேசினோமே, அத எடுத்துட்டீங்களா?" என்றாள். "இல்ல. திங்கக்கிழமைதான் எடுக்கறதா இருந்தேன்." "ம்," என்றாள். அந்த ம்முக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. காளை அண்ணன் ஞாபகம் வந்தது, இந்நேரம் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டிருப்பார், தனியாக அந்தச் சிவப்பு சீட்டைத் திரும்பிப் பார்த்திருப்பார், என்ன நினைத்திருப்பார், தெரியாது, எதுவுமே தெரியாது. டவுன் பஸ் வந்து நின்றது. ஷிஃப்ட் விட்ட கூட்டம் முண்டியடித்து ஏறியது. சுகந்தி எப்போதும் போல மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கத்தான் போனாள், நான் பார்த்தேன், கை பாதி வரை போனது. பிறகு அந்தக் கையை எடுத்துவிட்டு, கோபிகாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து நின்றாள். "கோபி, பஸ்ஸுல போலாமா? அம்மாவோட?" கோபிகா பஸ்ஸைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், அம்மாவின் தலையில் இருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். "ஏறுறீங்களா இல்லையாம்மா?" என்று கண்டக்டர் விசிலை வாயருகே வைத்துக்கொண்டு கேட்டார். சுகந்தி திரும்பாமலே சொன்னாள், "இருங்க, கேட்டுட்டு இருக்கோம்ல." அவர் ஒரு நிமிஷம் பார்த்தார், விசில் அடித்தார், பஸ் போய்விட்டது. புழுதி அடங்கியது. நாங்கள் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.